ஒரே முகவரியில் பல கருவிகள்: கடை இணையத்தைப் புரிந்து கொள்வோம்



வேப்பூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. விடிவதற்கு முன்பே நெடுஞ்சாலையில் வண்டிகள் வந்து வரிசை கட்டிவிடும். கூட்டுரோட்டில் கடை வைத்திருக்கும் எங்களுக்கு வாரத்தில் அன்றுதான் கை ஓயாத வியாபாரம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரவு மின்சாரம் நின்று வந்த பிறகு, எங்கள் கடையில் பில் பிரிண்டர் ஓடவில்லை. கம்ப்யூட்டரில் இணையம் வருகிறது, செல்போனிலும் வருகிறது, பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது. பில் மட்டும் வரவில்லை. பழையபடி துண்டுச் சீட்டில் எழுதி, கூட்டிப் பார்த்து அனுப்புவதற்குள் பாதி வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். மாலையில் வந்த மெக்கானிக் இரண்டே நிமிடத்தில் சரி செய்தார். "பிரிண்டரோட அட்ரஸ் மாறிப் போச்சுங்க அண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

பிரிண்டர் வைத்த இடத்தில்தானே இருக்கிறது, அதற்கு எப்படி அட்ரஸ் மாறும் என்று கேட்டேன். அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. மீதியைக் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டேன். அப்படித் தெரிந்து கொள்ளும்போதுதான், பிரிண்டர் தொல்லை மிகச் சிறியது என்பதும், நம் கடையின் பெயருக்கே கேடு வரக்கூடிய விஷயம் ஒன்று இதே முகவரிக்குள் இருக்கிறது என்பதும் தெரிய வந்தது. இணையம் இல்லாத கடை இன்று அபூர்வம். ஆகவே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று பாடம் போல இதை எழுதுகிறேன்.

முகவரி என்றால் என்ன?

ஒரு கடிதம் வந்து சேர வேண்டுமானால் கதவு எண் வேண்டும். இணையத்தில் ஒரு கருவி இன்னொரு கருவிக்குச் செய்தி அனுப்புவதற்கும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். இதை ஐ.பி. முகவரி என்கிறார்கள். நான்கு எண்களை இடையில் புள்ளி வைத்து எழுதுவது வழக்கம். உதாரணம்: 203.0.113.25. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். (இங்கே எழுதியிருக்கும் எண், பாடங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட எண் வரிசையில் ஒன்று. யாருடைய முகவரியும் அல்ல.)

நாம் ஜி.எஸ்.டி. தளத்தைத் திறக்கும்போது நம்முடைய முகவரி அங்கே போகிறது. "இந்த முகவரிக்குப் பதில் அனுப்பு" என்பது அதன் பொருள். பதில் அந்த முகவரியைத் தேடித் திரும்பி வருகிறது. ஆக, ஒரே முகவரி உலகில் இரண்டு பேருக்கு இருந்தால் பதில் யாருக்குப் போவது என்ற குழப்பம் வந்துவிடும்.

இப்போது உங்கள் கடையை எண்ணிப் பாருங்கள். பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று, கேமராப் பெட்டி ஒன்று, முதலாளியின் செல்போன், வேலை செய்யும் பையன்கள் செல்போன் இரண்டு, வீட்டு மாடியில் டி.வி. ஒன்று. ஏழு கருவிகள். ஆனால் மாதக் கட்டணம் கட்டுவது ஒரே இணைப்புக்கு. அந்த இணைப்புக்கு வெளியுலகில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே முகவரி. ஏழு பேர் ஒரே முகவரியை எப்படிப் பங்கு போட்டுக் கொள்கிறார்கள் என்பதே இந்தப் பாடம்.

முகவரிப் பஞ்சம் வந்த கதை

இன்றும் புழக்கத்தில் இருக்கும் இந்த முகவரி முறை 1981-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. அதன் கணக்குப்படி மொத்தம் கிடைப்பது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். அன்றைக்கு அது கடல் போலத் தெரிந்தது. கம்ப்யூட்டர் என்பது பல்கலைக்கழகங்களிலும் ராணுவத்திலும் பெரிய கம்பெனிகளிலும் மட்டும் இருந்த காலம். அதனால் முதலில் வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரு கல்வி நிறுவனத்திற்கு ஒரு கோடியே 67 லட்சத்திற்கும் மேல். ஃபோர்டு கார் கம்பெனிக்கும் அதே அளவு.

நாம் பந்திக்குப் பிந்தி வந்தவர்கள். இந்தியாவில் பொது மக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. அதற்குள் இலையில் பாதி காலி. உலகப் பொதுக் கிடங்கில் மிஞ்சியிருந்த கடைசி ஐந்து கட்டுகளும் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி முதல் ஆசிய வட்டாரப் பதிவகமும் அளந்து அளந்து கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவுக்குள் இந்த முகவரிகளைப் பங்கிடும் வேலையை நிக்ஸி அமைப்பின் கீழ் இயங்கும் ஐரின் என்ற பதிவகம் 2012 முதல் செய்து வருகிறது.

நம் வழக்கப்படி கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவின் கையில் இருக்கும் இந்தப் பழைய முறை முகவரிகள் சுமார் 4 கோடி. டிராய் கணக்குப்படி 2024 மார்ச் இறுதியில் நாட்டில் இணையச் சந்தாதாரர்கள் 95 கோடிக்கு மேல். ஒரு முகவரிக்கு 20 பேருக்கு மேல் வருகிறது. சரக்கு 4 மூட்டை, வாங்க வந்தவர் 95 பேர். அப்படியிருந்தும் எல்லோருக்கும் இணையம் கிடைக்கிறது. எப்படி?

உள் முகவரியும் வெளி முகவரியும்

1994 மே மாதம் கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். ஒரு கட்டடத்திற்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஓர் எண் வைத்துக் கொள்ளட்டும். வெளியே போகும்போது மட்டும் வாசலில் இருக்கும் கருவி அதை மாற்றி வெளி முகவரி போட்டு அனுப்பட்டும். இதுதான் அந்த யோசனை. நிரந்தர வழி வரும் வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு என்றே அவர்கள் சொன்னார்கள். கல்யாணத்திற்குப் போட்ட பந்தலில் முப்பது வருடமாகக் குடியிருப்பது போல, உலகம் இன்றும் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது.

உள் உபயோகத்திற்கென்று மூன்று எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டன.

1. 10 என்று தொடங்கும் எல்லா எண்களும். மொத்தம் 1,67,77,216.

2. 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை. மொத்தம் 10,48,576.

3. 192.168 என்று தொடங்குபவை. மொத்தம் 65,536.

இவற்றை யாரிடமும் கேட்காமல் யாரும் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் இந்த எண்களுக்கு வெளி இணையத்தில் மதிப்பில்லை. எல்லா ஊரிலும் கடைத்தெரு இருக்கிறது, அதில் 1-ஆம் எண் கடையும் இருக்கிறது. ஊருக்குள் அது போதும். வெளியூர்க் கடிதத்தில் ஊர் பெயரில்லாமல் "கடைத்தெரு, 1-ஆம் எண்" என்று மட்டும் எழுதினால் போய்ச் சேருமா? அதுபோலத்தான் இதுவும். நம் கடைப் பிரிண்டருக்கு 192.168.1.20 என்ற எண் இருக்கலாம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக் கம்ப்யூட்டருக்கும் அதே எண் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு வாசலுக்கு உள்ளே இருப்பதால் மோதல் இல்லை.

மண்டிக் கணக்குப்பிள்ளை செய்யும் வேலை

வாசலில் நின்று முகவரி மாற்றும் அந்தக் கருவி எது? இணைப்புக் கொடுத்தவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன விளக்கு மின்னும் பெட்டிதான். அதன் பெயர் ரூட்டர். அது செய்யும் வேலையை நம் தொழிலை வைத்தே புரிந்து கொள்ளலாம்.

ஒரு கமிஷன் மண்டியை நினைத்துக் கொள்ளுங்கள். ஐந்து ஊர் விவசாயிகள் மணிலாப் பயிர் கொண்டு வருகிறார்கள். மண்டிக்காரர் ஒவ்வொருவர் சரக்குக்கும் ஒரு லாட் எண் போட்டு, பேரேட்டில் "லாட் 41, சிறுநெசலூர்க்காரர்" என்று எழுதிக் கொள்கிறார். வெளியூர் வியாபாரிக்குச் சரக்கு போவது மண்டியின் பெயரில். விவசாயி யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் "லாட் 41-க்கு இவ்வளவு பணம்" என்று மண்டிக்கு அனுப்புகிறார். கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுத்துவிடுகிறார்.

ரூட்டரும் இதையேதான் செய்கிறது. கடைக் கம்ப்யூட்டர் 192.168.1.10 ஜி.எஸ்.டி. தளத்தைக் கேட்கிறது. ரூட்டர் அந்த உள் முகவரியை எடுத்துவிட்டுக் கடையின் வெளி முகவரி 203.0.113.25 என்பதைப் போடுகிறது. கூடவே 40001 என்று ஒரு சீட்டு எண்ணையும் போட்டு, தன் பேரேட்டில் "40001 என்றால் 192.168.1.10" என்று குறித்துக் கொள்கிறது. அதே நேரத்தில் பையனின் செல்போன் கேட்டால் அதற்கு 40002. பதில் 40001 என்ற சீட்டோடு வந்தால் கம்ப்யூட்டருக்கு, 40002 என்றால் செல்போனுக்கு. இந்தச் சீட்டு எண்ணைத்தான் போர்ட் என்கிறார்கள். ஒரு முகவரிக்கு இப்படி 65,536 எண்கள் உண்டு. ஏழு கருவிகள் இருக்கும் கடைக்கு இது தாராளம்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இவை இரண்டும்தான் முக்கியமாகப் போகின்றன.

முதலாவது, பேரேட்டில் வரவில்லாத சரக்கைக் கணக்குப்பிள்ளை ஏற்பதில்லை. நாம் கேட்காமல் வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டினால், எந்த உள் கருவிக்கு என்று ரூட்டருக்குத் தெரியாது. தள்ளிவிடும்.

இரண்டாவது, மண்டிப் பேரேடு வருடக் கணக்கில் இருக்கும். ரூட்டரின் பேரேடு அப்படியல்ல. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவது போன்றது. பேச்சு முடிந்து சற்று நேரத்தில் அந்த வரி அழிந்துவிடும். நேற்று மாலை 40002 யார் என்று இன்று கேட்டால், சாதாரணக் கடை ரூட்டரில் பதில் இருக்காது.

கடைக்குள் வரும் மூன்று தொல்லைகள்

முதல் தொல்லை, நான் பட்டது. கடைக்குள் இருக்கும் கருவிகளுக்கு உள் முகவரியை ரூட்டரே கொடுக்கிறது. ஆனால் அது விற்பனைக் கிரயம் அல்ல, குத்தகை. குறிப்பிட்ட நேரத்திற்குத்தான். மின்சாரம் போய் வந்தால் அல்லது குத்தகை முடிந்தால் அதே கருவிக்கு வேறு எண் கிடைக்கலாம். பில் போடும் கம்ப்யூட்டர் பிரிண்டரைப் பழைய எண்ணில் தேடிக் கொண்டிருக்கும். பிரிண்டரோ புது எண்ணில் உட்கார்ந்திருக்கும். ரூட்டரில் "இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த எண்" என்று ஒதுக்கி வைத்துவிட்டால் இது தீர்ந்தது. பிரிண்டருக்கும் கேமராப் பெட்டிக்கும் இதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது தொல்லை, இரண்டு ரூட்டர். முன்கடையில் ஒன்று இருக்கிறது, பின்னால் குடோனுக்கு சிக்னல் எட்டவில்லை. கடையில் போய் இன்னொரு ரூட்டர் வாங்கி வந்து செருகிவிடுகிறோம். இணையம் வந்துவிடும். ஆனால் குடோன் கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டாக் கணக்கை முன்கடையிலிருந்து பார்க்க முடியாது. மண்டிக்குள் இன்னொரு மண்டி திறந்து, அதற்கொரு தனிக் கணக்குப்பிள்ளையை வைத்தது போல ஆகிவிட்டது. முன்கடைக்கு 192.168.1 வரிசை, குடோனுக்கு 192.168.0 வரிசை என்று இரண்டும் பிரிந்துவிடும். இரண்டாவது பெட்டியை முகவரி கொடுக்காமல் சிக்னலை மட்டும் நீட்டித் தரும் முறைக்கு மாற்ற வேண்டும். "ஆக்சஸ் பாயின்ட் முறையில் வையுங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்குப் புரியும்.

மூன்றாவது தொல்லை, கேமரா. வீட்டிலிருந்தே கடைக் கேமராவைப் பார்க்க ஆசைப்படுகிறோம். ஆனால் வெளியிலிருந்து தட்டினால் ரூட்டர் தள்ளிவிடும் என்று பார்த்தோம். இதற்கு ஒரு வழி, "இந்தச் சீட்டு எண்ணில் யார் வந்தாலும் கேமராப் பெட்டிக்கு அனுப்பு" என்று ரூட்டரில் நிரந்தரமாக எழுதி வைப்பது. இதைப் போர்ட் திறப்பது என்பார்கள். இன்னொரு வழி, கேமராப் பெட்டியே உள்ளிருந்து கம்பெனி சர்வருக்குப் பேசி, அதன் வழியாக நம் செல்போனுக்குப் படம் அனுப்புவது. முதல் வழியில் உள்ள ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

யு.பி.ஐ. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி பெரும்பாலும் தனக்குள் இருக்கும் சிம் கார்டில் ஓடும். ஆகவே ரூட்டர் நின்றாலும் அது பேசும். அது பேசுகிறதே என்று கடை இணையம் நன்றாக இருப்பதாக எடுத்துக் கொள்ளக் கூடாது.

தெரு முழுவதற்கும் ஒரே முகவரி

கடைக்குள் செய்த இதே வேலையை இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களும் செய்யத் தொடங்கிவிட்டன. கடைக்கு ஒரு வெளி முகவரி கொடுக்கவும் அவர்களிடம் சரக்கு இல்லை. அதனால் பல கடைகளுக்கும் வீடுகளுக்கும் சேர்த்து ஒரே வெளி முகவரியை வைத்துக் கொண்டு, ஒவ்வொரு கடைக்கும் ஓர் இடைப்பட்ட எண்ணைக் கொடுக்கிறார்கள். இதற்கென்று 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டது. அதாவது கணக்குப்பிள்ளைக்கு மேல் ஒரு பெரிய கணக்குப்பிள்ளை.

உங்கள் கடை இப்படி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால் வெளி முகவரி என்ன என்று காட்டும். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினாலும், 10 என்று தொடங்கினாலும் நீங்கள் பகிர்ந்த முகவரியில் இருக்கிறீர்கள்.

இதனால் அன்றாட வியாபாரத்திற்குக் கெடுதல் இல்லை. பில் போடலாம், ஈ-வே பில் எடுக்கலாம், பணம் வாங்கலாம். ஆனால் கேமராவுக்குப் போர்ட் திறப்பது பலிக்காது. நம் ரூட்டரில் எழுதி வைத்தாலும் மேலே இருக்கும் பெரிய பேரேட்டில் வரவில்லையே. கேமரா மாட்ட வந்தவர் ஒரு நாள் முழுக்கப் போராடிவிட்டு "கேமராவில் கோளாறு" என்று சொல்லிப் புதுப்பெட்டி விற்கப் பார்த்தால், முதலில் இதைக் கேளுங்கள். தனி நிலையான முகவரி கேட்டால் கூடுதல் கட்டணத்திற்குப் பல நிறுவனங்கள் தருகின்றன. தேவை உண்டா என்று யோசித்து வாங்குங்கள். கேமரா பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் தேவையில்லை.

நிரந்தரத் தீர்வும் வந்துவிட்டது. ஐ.பி. ஆறாம் பதிப்பில் கிடைக்கும் முகவரிகளின் எண்ணிக்கை 39 இலக்கம். ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுத்தாலும் தீராது. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ இதைப் பெருமளவில் பயன்படுத்தியதால், இந்த முறைக்கு மாறிய நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் பழைய முறையில் மட்டும் இயங்கும் தளங்களும் கருவிகளும் ஏராளம். ஆகவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

பெயர் ஒன்று, பொறுப்பும் ஒன்று

இனி, தொடக்கத்தில் சொன்ன முக்கிய விஷயத்திற்கு வருகிறேன்.

2008 ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. போலீசார் அந்த மின்னஞ்சல் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தது என்று தேடினார்கள். நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பு என்று தெரிந்தது. அவரிடம் தீவிர விசாரணை நடந்தது. உண்மையில் அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் சம்பந்தமில்லை. பாதுகாப்பில்லாமல் இருந்த அவருடைய வை-பை சிக்னலை வெளியாள் பிடித்து, அவர் முகவரியில் அனுப்பியிருக்கிறான். அடுத்த வாரங்களில் மும்பையில் ஒரு கல்லூரியின் வை-பையும் ஒரு தனியார் நிறுவனத்தின் வை-பையும் இதேபோலப் பயன்படுத்தப்பட்டன. இதைத் தொடர்ந்து 2009 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வை-பை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று இணைப்பு நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

இதில் உள்ள கணக்கைப் பாருங்கள். எந்த நேரத்தில் எந்த முகவரி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று பதிவு வைத்திருப்பது இணைப்பு நிறுவனங்களின் கடமை. ஆனால் அந்தப் பதிவு நம் கடை வாசல் வரைதான் வரும். வாசலுக்கு உள்ளே பயன்படுத்தியது முதலாளியா, வேலைக்கு இருந்து நின்றுவிட்ட பையனா, பாஸ்வேர்டு கேட்டு வாங்கிய வாடிக்கையாளரா, கடைக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தவனா என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டிய நம் ரூட்டரின் பேரேடோ கரும்பலகை. எப்போதோ அழிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது இணைப்புக்குக் கட்டணம் கட்டும் நம் பெயர் ஒன்றுதான்.

முன்பின் தெரியாதவர் வந்து "உங்கள் கடை பில் புத்தகத்தில் நாலு தாள் கிழித்துக் கொடுங்கள்" என்றால் கொடுப்போமா? கொடுக்க மாட்டோம். அதில் நம் கடைப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கிறது. வை-பை பாஸ்வேர்டைக் கொடுப்பதும் அதற்குச் சமம். நம் கடைப் பெயர் அச்சிட்ட வெற்றுத் தாளைக் கொடுப்பதுதான் அது. சந்தை நாளில் நூறு பேர் வந்து போகும் ஊரில் இதை லேசாக எடுத்துக் கொள்ளக் கூடாது.

பேரேடு பூட்டு ஆகாது

கேட்காத சரக்கை ரூட்டர் தள்ளிவிடும் என்பதால் நாம் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாதிதான் உண்மை. கேமராவுக்காகப் போர்ட் திறந்து வைத்தால் அந்தக் கதவு நமக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே திறந்திருக்கிறது.

2016-ஆம் ஆண்டு மிராய் என்ற பெயரில் ஒரு தீய நிரல் பரவியது. அது பெரிய கம்ப்யூட்டர்களைத் தேடவில்லை. இணையத்தில் கதவு திறந்து கிடந்த கேமராக்கள், கேமராப் பெட்டிகள், ரூட்டர்களைத் தேடியது. கம்பெனி போட்டு அனுப்பும் சாதாரணப் பாஸ்வேர்டுகள் அறுபதுக்கு மேல் கொண்ட ஒரு பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்து கொண்டதையெல்லாம் தன் ஆளாக்கிக் கொண்டது. அந்தக் கேமராக்களை ஏவியே அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள். அந்தக் கருவிகளில் முதல் நாள் இருந்த பாஸ்வேர்டு மாறாமல் அப்படியே இருந்ததுதான் இதற்கு வழி விட்டது.

கல்லாப் பெட்டியைக் காக்க வாங்கிய கேமராவே திருடனுக்குக் கண்ணாகிவிடக் கூடாது.

இன்றே செய்ய வேண்டியவை

1. ரூட்டரின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வை-பை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும்.

2. கேமராப் பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாட்டியவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு அவரோடு போகட்டும்.

3. வேலையாள் நின்றுவிட்டால் கடைச் சாவியைத் திரும்ப வாங்குகிறோம். அன்றே வை-பை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

4. பில் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா ஒரு வை-பையில் இருக்கட்டும். செல்போன்களுக்கு ரூட்டரில் உள்ள விருந்தினர் இணைப்பைத் தனியாகத் திறந்து கொடுங்கள். அதிலிருந்து பில் கம்ப்யூட்டரை எட்ட முடியாதபடி இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் உறுதி செய்து கொள்ளுங்கள்.

5. பிரிண்டருக்கும் கேமராப் பெட்டிக்கும் நிலையான உள் முகவரி ஒதுக்குங்கள். அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குள் ஒட்டி வையுங்கள்.

6. கேமராவுக்காகத் திறந்த போர்ட் இருந்தால் மூடச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் கருவிகளே போர்ட் திறந்து கொள்ளும் யு.பி.என்.பி. என்ற வசதியையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

7. வாடிக்கையாளருக்கு வை-பை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வாணி திட்டத்தின் கீழ் மளிகைக் கடை, டீக்கடை யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வை-பை நடத்தலாம். அதில் பயன்படுத்துபவர் தன் செல்போன் எண்ணைப் பதிந்த பிறகே உள்ளே வர முடியும். யார் வந்தார் என்ற பேரேடு அங்கே இருக்கும்.

8. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கடை கை மாறியும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இணைப்பு இருந்தால், நாம் செய்வதற்கு அவர் பொறுப்பாகிறார். மாற்றிக் கொள்ளுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாகப் பணம் செலவில்லை. கடை சாத்திய பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை போன வியாபாரத்தைக் கணக்குப் பார்த்தால் இந்த அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை.

நம் பெரியவர்கள் கடன் கொடுப்பதில் தாராளமாக இருந்தார்கள். கைச்சாத்துக் கொடுப்பதில் கறாராக இருந்தார்கள். கடன் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம், பெயர் போனால் வாங்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். கடை இணையத்தின் முகவரியும் இன்று ஒரு கைச்சாத்துதான். ஏழு கருவிகள் பகிர்ந்து கொள்ளட்டும், வீட்டார் பகிர்ந்து கொள்ளட்டும். ஆனால் யார் யார் பகிர்கிறார்கள் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.